48-ஐ 16-ஆல் வகுத்தால் 3 வருகிறது. அதனால் அந்தப் புரதம் ட்ரைமர் (மூன்று துண்டுகள் சேர்ந்தது) ஆகிவிடுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டிலிருந்து வாங்கி வந்த பலாக்கொட்டையை அரைத்து, சர்க்கரை பிணைத்த பிசின் வழியாக ஒரு லெக்டினை, அதாவது சர்க்கரையைப் பிடிக்கும் புரதத்தை, தனியாகப் பிரித்திருக்கிறீர்கள். புரதச் சங்கிலிகளை எடைப்படி பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் 16 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அருகே ஒரே பேண்ட். ஜெல் ஃபில்ட்ரேஷனில் (துளையுள்ள மணிகள் நிரப்பிய குழாய் வழியே ஓட்டுவது) 48 கிலோடால்டன் புரதம் வர வேண்டிய இடத்தில் ஒரே பீக். வகுத்தால் மூன்று. உங்கள் வழிகாட்டியோ "இது டெட்ராமர்தான், அப்படியே எழுதிவிடுங்கள்" என்கிறார்; டெட்ராமர் என்றால் நான்கு சேர்ந்தது. யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கரைசலில் எத்தனை துணையலகுகள் (புரதம் சேர்ந்து உருவாகும் துண்டுகள்) சேர்ந்து நிற்கின்றன என்பது ஒன்று. கையில் இருக்கும் இந்த இரண்டு எண்களை வகுத்து அதைச் சொல்ல முடியுமா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு என் பதில் உறுதியானது: முடியாது. முதலாவதற்கு, நான்கு என்பதற்கே வாய்ப்பு அதிகம். ஆனால் உங்கள் தரவு இன்னும் அதைக் காட்டவில்லை.

நான் பெங்களூரில் புரதங்களைப் பிரித்து அளக்கும் ஆய்வகங்களில் பல வருடம் வேலை பார்த்தவன். இப்போது சேலத்தில் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் தண்ணீரில் கரையும் புரதங்களுக்குத்தான். சவ்வுப் புரதங்கள் டிடர்ஜென்டையும் சுமந்துகொண்டு வருவதால் அவற்றுக்குக் கணக்கே வேறு.

முதலில் அந்த 16-ஐப் பார்ப்போம். எஸ்.டி.எஸ். போட்டுக் கொதிக்கவைத்தால் புரதம் மடிப்பு குலைந்து தனித்தனிச் சங்கிலியாகிவிடும். ஆகவே அந்த ஜெல் எத்தனை துணையலகுகள் சேர்ந்திருந்தன என்பதைப் பற்றி எதுவும் சொல்லாது, சங்கிலியின் தோராயமான எடையை மட்டுமே சொல்லும். சர்க்கரை ஒட்டியிருக்கும் புரதங்களில் அந்தத் தோராயமும் சற்றுப் பிசகும். சங்கிலிகளைக் கோக்கும் டைசல்ஃபைடு (கந்தகப்) பிணைப்பை உடைக்கும் மெர்காப்டோஎத்தனால் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முறை ஓட்டினீர்களா? சேர்க்காதபோது பேண்ட் மேலே போனால் டைசல்ஃபைடு பிணைப்பு இருக்கிறது என்று அர்த்தம். அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

உங்கள் புரதத்தில் இதைவிட முக்கியமான ஒரு விஷயம் இருக்கிறது. பலாக்கொட்டையில் நன்றாக ஆராயப்பட்ட லெக்டின்கள் இரண்டு உண்டு: காலக்டோஸைப் பிடிக்கும் ஜாகலின், மன்னோஸைப் பிடிக்கும் ஆர்டோகார்பின். ஜாகலினின் படிக அமைப்பை 1996-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயனின் குழு வெளியிட்டது. அதன் ஒவ்வொரு துணையலகிலும் இரண்டு சங்கிலிகள் உண்டு: 133 அமினோ அமிலங்கள் கொண்ட ஆல்ஃபா, சுமார் 20 மட்டுமே கொண்ட பீட்டா. ஒரே முன்னோடிச் சங்கிலி விதைக்குள் வெட்டுப்பட்டு இப்படி இரண்டாகிறது. நான்கு ஆல்ஃபா, நான்கு பீட்டா சேர்ந்து மொத்தம் சுமார் 66 கிலோடால்டன். ஆர்டோகார்பினில் இந்த வெட்டு இல்லை. 149 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலி, அதுவும் நான்காகச் சேர்ந்து கிட்டத்தட்ட அதே எடைக்கு வருகிறது. வழிகாட்டி உறுதியாகச் சொல்வது இந்த வெளியீடுகளை வைத்துத்தான் என்று நினைக்கிறேன். அதில் தவறில்லை. ஆனால் உங்கள் பிசினில் இருந்த சர்க்கரை எது என்று நீங்கள் எழுதவில்லை. காலக்டோஸ் என்றால் கையில் இருப்பது பெரும்பாலும் ஜாகலின். அப்படியானால் 2 கிலோடால்டன் அளவே உள்ள பீட்டா சங்கிலி சாதாரண 12 சதவீத ஜெல்லில் சாயத்தோடு சேர்ந்து கீழே ஓடிப்போயிருக்கும். அதாவது நீங்கள் பார்த்த ஒரே பேண்ட் துணையலகின் ஒரு பகுதிதான், வகுக்க எடுத்துக்கொண்ட எண்ணே குறை எண். ட்ரைசின் ஜெல் ஓட்டினால் அந்தச் சின்னச் சங்கிலி தெரியும். அதைவிட நல்லது, கொஞ்சம் சாம்பிளை நிறை நிறமாலைக்குக் கொடுத்துச் சங்கிலிகளின் துல்லியமான எடையை வாங்கிவிடுவது. அந்த எண் கைக்கு வந்தபின் துணையலகு பற்றி யாரும் உங்களிடம் வாதாட முடியாது.

அடுத்தது அந்த 48. ஜெல் ஃபில்ட்ரேஷன் குழாய் எடையை அளப்பதில்லை. மணிகளின் துளைக்குள் புரதம் எவ்வளவு நுழைய முடிகிறது என்பதை, அதாவது கரைசலில் அது உருண்டு புரளும்போது அடைக்கும் இடத்தை, அளக்கிறது. இதைத்தான் ஸ்டோக்ஸ் ஆரம் என்கிறோம். நாம் ஓவால்புமின், ஆல்டோலேஸ் போன்ற உருண்டைப் புரதங்களை ஓட்டி, அவற்றின் எடையைக் கிடையச்சில் எழுதிக் கோடு போடுவதால் குழாய் எடையைச் சொல்வதுபோலத் தோன்றுகிறது. லீ பஜார் சந்தில் ஒரே எடையுள்ள அரிசி மூட்டையையும் கரும்புக் கட்டையும் தூக்கிக்கொண்டு திரும்ப முயன்றால் எது அதிக இடம் கேட்கும் என்று தெரியும். ஃபைப்ரினோஜன் இதற்கு நல்ல சாட்சி. எடை 340 கிலோடால்டன்தான். ஆனால் நீளமான புரதம் என்பதால் ஸ்டோக்ஸ் ஆரம் 10.7 நானோமீட்டர். 669 கிலோடால்டன் உள்ள தைரோகுளோபுலினுக்கோ 8.5 மட்டுமே. அதனால் எடை பாதியாக இருந்தும் ஃபைப்ரினோஜன் குழாயிலிருந்து முதலில் வெளியே வரும்.

புரதம் அழகான உருண்டை என்றே வைத்துக்கொண்டாலும் மூன்றா நான்கா என்ற கேள்விக்குக் குழாய் பலவீனமான கருவி. ஏனென்று கணக்கே சொல்லும். உருண்டையின் ஆரம் எடையின் கன மூலத்தைப் பொறுத்து வளர்கிறது. ஒன்று இரண்டானால் ஆரம் 26 சதவீதம் கூடும். மூன்று நான்கானால் வெறும் 10 சதவீதம். 24 மில்லிலிட்டர் சூப்பர்டெக்ஸ் 200 குழாயில் இது ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவான நகர்வு. வடிவம் கொஞ்சம் மாறினாலும், சர்க்கரைக் கிளை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும், எடை தெரிந்த தரப் புரதங்களை வேறொரு நாள் வேறு பஃபரில் (அமிலத்தன்மையை நிலையாக வைக்கும் கரைசல்) ஓட்டியிருந்தாலும் அந்த 10 சதவீதம் அதில் கரைந்துவிடும். மோனோமரா (ஒன்று) டைமரா (இரண்டு) என்றால் குழாயை ஓரளவு நம்பலாம். மூன்றா நான்கா, ஐந்தா ஆறா என்றால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒளிச்சிதறலை வைத்து அளக்கும் டி.எல்.எஸ். கருவி உங்கள் கல்லூரியில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் அளப்பது ஆரத்தைத்தான், அதுவும் குழாயைவிட மங்கலாக. சாம்பிளில் பெரிய திரள்கள் இருக்கின்றனவா என்று பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

லெக்டின்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. உங்கள் விஷயத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். சூப்பர்டெக்ஸ் மணிகள் அகரோஸும் டெக்ஸ்ட்ரானும் கலந்தவை. அகரோஸ் காலக்டோஸால் ஆனது, டெக்ஸ்ட்ரான் குளுக்கோஸால் ஆனது. சர்க்கரையைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட புரதத்தைச் சர்க்கரை மணிகளுக்குள் அனுப்பினால் அது அங்கங்கே ஒட்டி ஒட்டித் தாமதமாக வெளியே வரக்கூடும். கான்கனவாலின்-ஏ என்ற லெக்டினைப் பிரிப்பதற்கே செஃபாடெக்ஸ் டெக்ஸ்ட்ரான் மணிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்றால் ஒட்டுதல் எவ்வளவு வலுவாக இருக்க முடியும் என்று பாருங்கள். தாமதமாக வந்தால் எடை குறைவாகத் தெரியும். 66 இருக்க வேண்டியது 48 ஆகத் தெரிவதற்கு இது முழுக்க முழுக்கப் பொருந்தும் காரணம். ஆனால் இது இன்னும் சந்தேகம்தான், சோதித்துத்தான் சொல்ல வேண்டும். சோதனை எளிது. பஃபரில் 150 மில்லிமோலார் உப்போடு 0.1 மோலார் காலக்டோஸ் சேர்த்து (மன்னோஸ் லெக்டின் என்றால் மன்னோஸ்), குழாயை அதிலேயே நன்றாகச் சமன்படுத்தி, சாம்பிளிலும் அதே சர்க்கரையைக் கலந்து மறுபடி ஓட்டுங்கள். இந்தச் சர்க்கரைகள் 280 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சாததால் பீக்கைப் பார்க்கத் தடையில்லை. தரப் புரதங்களையும் அதே பஃபரில், அதே நாளில் ஓட்ட வேண்டும். உங்கள் பீக் முன்னால் நகர்ந்து, தரப் புரதங்கள் இருந்த இடத்திலேயே இருந்தால் ஒட்டுதல் உறுதி, பழைய 48-ஐ மறந்துவிடலாம். நகரவில்லை என்றால் எனக்கு உண்மையிலேயே ஆர்வம் கூடும், ஏனென்றால் அப்போது வெளியான அமைப்போடு உங்கள் புரதம் முரண்படுகிறது என்ற வாய்ப்பைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம், செறிவு. "இந்தப் புரதம் டெட்ராமர்" என்ற வாக்கியம் செறிவையும் பஃபரையும் சொல்லாவிட்டால் அரைகுறை வாக்கியம். துணையலகுகள் சேர்வதும் பிரிவதும் ஒரு சமநிலை. நீர்க்கச் செய்தால் பிரிவின் பக்கம் சாயும். குழாய்க்குள் போகும் சாம்பிள் வெளியே வருவதற்குள் பல மடங்கு நீர்த்துவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஏற்றியது மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் பீக்கில் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். ஆகவே மில்லிலிட்டருக்கு 5, 1, 0.2 மில்லிகிராம் என்று மூன்று செறிவில் ஓட்டிப் பாருங்கள். பீக் அசையாமல் நின்றால் உறுதியான சேர்க்கை. செறிவு குறையக் குறையப் பீக் பின்னால் நகர்ந்தால், அல்லது வால் நீண்டால், நீங்கள் பார்ப்பது ஒரே நிலை அல்ல, கலவையின் சராசரி. அப்போது 3.1, 3.6 மாதிரியான எண்கள் வருவது இயல்பு. அமிலத்தன்மையும் இதே அளவுக்கு முக்கியம். நம் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைகிற வேர்க்கடலையின் லெக்டின் நடுநிலைக் கரைசலில் டெட்ராமர், பிஎச் 5-க்குக் கீழே போனால் டைமராகப் பிரிகிறது. பிசினிலிருந்து புரதத்தை அமிலத்தால் இறக்கியிருந்தால், அதை பிஎச் 7.4-க்குத் திருப்பிக் கொண்டுவந்து, சேர்வதற்கு நேரம் கொடுத்தீர்களா என்று பாருங்கள். அதே வேர்க்கடலை லெக்டின் இன்னொன்றையும் கற்றுக்கொடுத்தது. ஒரே மாதிரி நான்கு துணையலகுகள் சேர்ந்தால் சீரான சமச்சீர் இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1994-இல் விஜயன் குழு அதன் அமைப்பைக் காட்டியபோது வழக்கமான அந்தச் சமச்சீர் அதில் இல்லை. இப்படித்தான் இருக்கும் என்ற எதிர்பார்ப்பால் எண்ணிக்கையை முடிவு செய்யாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, குழாய்க்கு அப்புறம் எது? சேலத்தில் இருந்துகொண்டே செய்யக்கூடியதில் எனக்கு மிகவும் பிடித்தது அடர்த்திச் சரிவில் சுழற்றுவது. பகுப்பாய்வு அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஸ்விங் ரோட்டர் உள்ள சாதாரண அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜ் போதும். 15-லிருந்து 40 சதவீதம் வரை கிளிசரால் சரிவு போட்டு, மேலே சாம்பிளை வைத்து இரவு முழுவதும் சுழற்றி, துளித்துளியாகப் பிரித்து எடுத்து ஜெல்லில் பாருங்கள். லெக்டின் என்பதால் சுக்ரோஸ் வேண்டாம், கிளிசராலே போடுங்கள். பக்கத்துச் சுழற்சிக் குழாயில் காட்டலேஸ் 11.3, பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீரம் அல்புமின்) 4.6, ஓவால்புமின் 3.5 என்று ஸ்வெட்பெர்க் மதிப்பு (படியும் வேகத்தின் அளவு) தெரிந்த புரதங்களை ஓட்டினால் உங்கள் புரதத்தின் மதிப்பைப் படித்துவிடலாம். படிதல் வேகம் எடையின் மூன்றில் இரண்டு பங்கு அடுக்கில் வளர்கிறது. அதனால் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே வித்தியாசம் 21 சதவீதம், குழாயைப்போல இரண்டு மடங்கு. அதைவிட அழகானது, இரண்டையும் பெருக்கினால் வடிவம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். நீளமான புரதத்துக்கு ஆரம் எந்த அளவு கூடுகிறதோ அதே அளவு வேகம் குறையும். 1966-இல் சீகலும் மான்டியும் காட்டிய வழி இது. ஸ்வெட்பெர்க் மதிப்பையும் நானோமீட்டரில் ஸ்டோக்ஸ் ஆரத்தையும் பெருக்கி 4205-ஆல் பெருக்கினால் எடை டால்டனில் கிடைக்கும். பி.எஸ்.ஏ.வுக்குப் போட்டுப் பாருங்கள்: 4.6, 3.5, 4205, சுமார் 67,700. உண்மை எடை 66,400. ஃபைப்ரினோஜனுக்கு 7.9-ஐயும் 10.7-ஐயும் போட்டால் 355 கிலோடால்டன் வருகிறது. குழாய் மட்டும் ஓட்டியிருந்தால் அதை தைரோகுளோபுலினைவிடப் பெரியது என்று எழுதியிருப்போம். ஒரு எச்சரிக்கை: ஸ்டோக்ஸ் ஆரம் ஒட்டுதலால் பிசகியிருந்தால் பெருக்கலும் பிசகும். உதாரணத்துக்கு 4.5-ஐயும் சரியான 3.4-ஐயும் பெருக்கினால் 64 கிலோடால்டன். ஒட்டுதலால் ஆரம் 3.0 என்று தெரிந்தால் 57. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே மாட்டிக்கொள்வீர்கள். ஆகவே சர்க்கரைச் சோதனை முதலில், இது பிறகு.

குறுக்குப் பிணைப்பும் கட்டாயம் செய்யுங்கள், மலிவானது. 1970-இல் டேவிஸும் ஸ்டார்க்கும் காட்டிய முறை: கரைசலில் சேர்ந்திருக்கும் சங்கிலிகளை லைசின் என்ற அமினோ அமிலம் வழியாகத் தைத்துவிட்டு, எஸ்.டி.எஸ். ஜெல்லில் எத்தனை படிகள் தெரிகின்றன என்று எண்ணுவது. மூலை அலமாரியில் இருக்கும் க்ளூடரால்டிஹைடே போதும்; பிஎஸ்3 என்ற பிணைப்பு மருந்து கிடைத்தால் பேண்டுகள் இன்னும் தெளிவாக இருக்கும். டிரிஸ், கிளைசின் பஃபர் கூடவே கூடாது, அவற்றின் அமைன் மருந்தைத் தின்றுவிடும். பாஸ்பேட் அல்லது ஹெபீஸில் செய்து, நிறுத்துவதற்கு மட்டும் டிரிஸ் ஊற்றுங்கள். புரதம் நீர்த்ததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் தற்செயலாக மோதும் மூலக்கூறுகளும் தைக்கப்படும். ஒரு நிமிடம், ஐந்து, பதினைந்து, அறுபது என்று எடுங்கள். உண்மையான டெட்ராமர் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று படிகள் தோன்றி, நேரம் ஆக ஆக எல்லாம் நான்கில் போய்ச் சேர்ந்து அங்கேயே நிற்கும். அதே செறிவில் பி.எஸ்.ஏ. ஒன்றை ஒப்பீட்டுக்கு ஓட்டுங்கள்; அதுவும் படிகளாகத் தைக்கப்பட்டால் உங்கள் மருந்து அதிகம். ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். நான்காவது படி தெரியவில்லை என்பதற்காக நான்கு இல்லை என்று ஆகாது, லைசின்கள் எட்டும் தூரத்தில் இல்லாமல் இருக்கலாம்.

உங்கள் புரதம் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் ஒரு தகவல்தான். ஜாகலினின் ஒவ்வொரு துணையலகிலும் சர்க்கரை பிடிக்கும் இடம் ஒன்று. தனித் துணையலகால் இரண்டு அணுக்களைப் பிடிக்க முடியாது. ஆக, அந்தச் செறிவில் குறைந்தது இரண்டாவது சேர்ந்திருக்கிறது. கீழ் வரம்பு கிடைக்கிறது, மேல் வரம்பு கிடைக்காது. எஸ்.டி.எஸ். இல்லாமல் ஓட்டும் நேட்டிவ் ஜெல்லை நான் பெரிதாக நம்ப மாட்டேன். அதில் மின்னூட்டமும் வடிவமும் எடையும் கலந்து வருகின்றன. கணினி முன்கணிப்பு நான்கு என்று வரைந்து கொடுத்தாலும் அது சோதிக்க வேண்டிய யோசனை, சான்று அல்ல.

செலவு செய்ய முடிந்தால் ஒளிச்சிதறல் பொருத்திய ஜெல் ஃபில்ட்ரேஷன்தான் நேரான வழி. சிதறும் ஒளியும் செறிவும் சேர்ந்து எடையை நேரடியாகக் கொடுக்கின்றன; புரதம் எந்த மில்லிலிட்டரில் வருகிறது என்பது பொருட்டே இல்லை. ஒட்டித் தாமதமாக வந்தாலும் எடை சரியாகவே வரும் என்பதால் உங்கள் சிக்கலுக்கு இது கச்சிதம். நல்ல சாம்பிளில் பிழை 5 சதவீத அளவில்தான் இருக்கும், 50-ஐயும் 66-ஐயும் பிரிக்கத் தாராளம். பெங்களூர், சென்னையின் பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களில் இந்தக் கருவி இருக்கிறது. வழிகாட்டி ஒரு கடிதம் எழுதினால் கிடைக்காமல் போகாது. போகும்போது ஓட்டப்போகும் பஃபரை ஒரு லிட்டராவது இங்கிருந்தே வடிகட்டி எடுத்துப் போங்கள், அங்கே புதிதாகக் கலக்காதீர்கள். செறிவை அளக்கும் ஒளிவிலகல் அளவி சின்ன வித்தியாசத்தையும் காட்டிவிடும். சித்திரை வைகாசி வெயிலில் பகல் பேருந்து வேண்டாம். ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் போங்கள். புரதத்தை உறையவைக்காதீர்கள், உறைந்து உருகும்போது திரள்கள் உண்டாகலாம். ஏற்றுவதற்கு முன் வேகமாகச் சுழற்றித் தெளிந்ததை மட்டும் எடுங்கள். கொஞ்சம் தூசி இருந்தாலும் அது ஒளியை ஏகத்துக்குச் சிதறடிக்கும்.

இவ்வளவு ஏன் செய்ய வேண்டும் என்று தோன்றினால், ஹீமோகுளோபின் கதையைச் சொல்கிறேன். அதிலுள்ள இரும்பின் அளவை வைத்து, ஒரு இரும்பு அணுவுக்கு சுமார் 16,700 டால்டன் என்று முன்பே தெரிந்திருந்தது. முழு மூலக்கூறு அதுவேயா, அதன் மடங்கா என்பதுதான் கேள்வி. 1925-இல் கேம்பிரிட்ஜில் அடேர் சவ்வூடு அழுத்தத்தை அளந்து சுமார் 67,000 என்றார். அடுத்த வருடமே உப்சாலாவில் ஸ்வெட்பெர்க்கும் ஃபோரேயஸும் சென்ட்ரிஃபியூஜில் கிட்டத்தட்ட அதே எண்ணைப் பெற்றார்கள். ஒன்றின் பிழை மற்றதில் வர வழியே இல்லாத இரண்டு அளவீடுகள் ஒத்துப்போனதால்தான் நான்கு என்பது நிலைத்தது. உங்களுக்கும் வேண்டியது அதேதான். குழாயும் டி.எல்.எஸ்.ஸும் ஒத்துப்போனால் அது இரண்டு சான்று ஆகாது, இரண்டும் ஆரத்தையே அளக்கின்றன. குழாயும் சரிவுச் சுழற்சியும் குறுக்குப் பிணைப்பும் ஒத்துப்போனால் அதை நான் நம்புவேன்.

ஆய்வேட்டில் எழுதும்போது, ஜாகலின் டெட்ராமர் என்று வெளியாகியிருப்பதை ஒரு வாக்கியமாகவும், நீங்கள் அளந்ததை வேறு வாக்கியமாகவும் எழுதுங்கள், இரண்டையும் குழைக்காதீர்கள். "பிஎச் 7.4, 150 மில்லிமோலார் உப்பு, 0.1 மோலார் காலக்டோஸ், இத்தனை மில்லிகிராம் செறிவில், ஸ்டோக்ஸ் ஆரம் இவ்வளவு, ஸ்வெட்பெர்க் மதிப்பு இவ்வளவு, இவற்றிலிருந்து எடை இவ்வளவு, நிறை நிறமாலையில் துணையலகு இவ்வளவு" என்று எழுதிவிட்டுப் பிறகு டெட்ராமர் என்ற சொல்லைப் போடுங்கள். சரிவுச் சுழற்சிக்கு வழியில்லாமல் போய், சர்க்கரைச் சோதனையும் குறுக்குப் பிணைப்பும் மட்டுமே கையில் இருந்தால், "டெட்ராமரோடு பொருந்துகிறது, ட்ரைமர் முழுதாக விலக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். வழிகாட்டி தயங்கினால் இந்தப் பதிலையே அவரிடம் காட்டுங்கள். சர்க்கரை சேர்த்து ஓட்டிய பீக் எங்கே வந்தது என்று மட்டும் மறக்காமல் இங்கே எழுதுங்கள்.